லேமினேஷன் கடைக்குப் போகும் முன் ஒரு நிமிடம்

பழைய தாள்களைச் சீர்செய்து பாதுகாப்பது என் தொழில். லேமினேட் செய்து கெடுத்த தாள் என்னிடம் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். கையில் துணிக்கடைப் பை, அதற்குள் அவன் பாட்டியின் ஆட்டோகிராஃப் புத்தகம். 1967-இல் ராணி மேரி கல்லூரியில் பி.ஏ. முடித்துக் கிளம்பும்போது விடுதித் தோழிகள் எழுதிக் கொடுத்தது. பைண்டிங்கைப் பிரித்து, தாள் தாளாக எடுத்து, ஒவ்வொன்றையும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்திருந்தான். "பாட்டி பர்த்டேக்கு சர்ப்ரைஸ்க்கா. ரெண்டு தாள் மட்டும் ஒட்டிக்கிச்சு, பிரிச்சுக் குடுத்துடுங்க."

ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தாள், நீல மை. 'வெள்ளிக்கிழமை வடையை எனக்கு விட்டுக்கொடுத்தவளை மறக்க மாட்டேன்' என்று ஒரு தோழி எழுதி, மூலையில் ஒரு கனகாம்பரத்தை ஒட்டியிருக்கிறாள். அந்தப் பூ மெஷினுக்குள் நசுங்கி, அதன் பழுப்புக் கறை 'மறக்க' என்ற சொல்லின் மேல் பரவியிருந்தது. பாசத்தில் செய்திருக்கிறான், அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இனி இதை எல்லோருக்கும் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

லேமினேஷன் பாதுகாப்பு இல்லை. நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, பிளாஸ்டிக்கை உருக்கித் தாளின் நாருக்குள் இறக்குகிறார்கள். பிறகு அது தனியாக வராது. பழைய நோட்டுத் தாள்களில் பெரும்பாலும் மரக்கூழ்தான், அதில் ஏற்கெனவே அமிலம் இருக்கிறது. பிளாஸ்டிக் மூடினால் அந்த அமிலம் உள்ளேயே நின்று தாளை அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே தாள் அப்பளமாகும். "தண்ணி படாதேக்கா" என்பார்கள். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், நம் கடற்கரை ஈரம் உள்ளே போய்விடும், வெளியே வர வழி இருக்காது. "எடுக்கணும்னா எடுத்துக்கலாமே" என்பார்கள். எடுக்க முடியாது. பிளாஸ்டிக்கை இளக்கும் கரைப்பான் எதுவானாலும் மையையும் சேர்த்துக் கலைக்கப் பார்க்கும். சான்றிதழ்களுக்கும் இதேதான். வெளிநாட்டுக்கு அட்டெஸ்டேஷன் வாங்கப் போகும்போது, லேமினேட் செய்த சான்றிதழை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

எங்கள் தொழிலிலும் ஒரு காலத்தில் லேமினேஷன் இருந்தது, மறைக்கவில்லை. செல்லுலோஸ் அசிடேட் என்ற மெல்லிய படலத்தையும் டிஷ்யூ தாளையும் வைத்து, அசிட்டோன் என்ற கரைப்பானைத் தடவி ஒட்டும் முறை, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவானது. அதை அசிட்டோனிலேயே ஊறவைத்துக் கழற்றிவிடலாம். கடை பிளாஸ்டிக்கோடு அதை ஒப்பிடாதீர்கள்.

இத்தனை கோபம் ஏனென்றால், இந்தத் தாள்களுக்கு வேறு பிரதி கிடையாது. ராணி மேரி 1914-இல் தொடங்கியது, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. அடுத்த வருடமே பெண்கள் கிறித்தவக் கல்லூரி வந்தது. நம் வடசென்னைப் பெண்களுக்கு பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி 1964-இல்தான் கிடைத்தது. சேர்க்கைப் பதிவேடும் மதிப்பெண்ணும் கல்லூரியில் இருக்கும், அரசாணை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். மெஸ்ஸில் என்ன போட்டார்கள், விடுதியில் எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார்கள், யார் யாருக்குப் புடவை இரவல் கொடுத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. இதே பாட்டி 1965 பிப்ரவரியில் பொன்னேரியிலிருந்த அப்பாவுக்கு ஓர் இன்லாண்டு லெட்டர் போட்டிருக்கிறார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரியை மூடிவிட்டார்கள், மெஸ் பணம் பாக்கி, கட்டிவிட்டு வருகிறேன் என்று. போராட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. ஒரு விடுதிப் பெண்ணின் மெஸ் பாக்கியை வேறு யார் எழுதி வைத்தார்கள்?

2003-இல் ராணி மேரி கல்லூரி வளாகத்தை எடுத்துத் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது, போராடிய மாணவிகளுக்கு இப்போது வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். உங்களைத்தான் கேட்கிறேன்: அன்றைக்கு எடுத்த ஃபிலிம் ரோலின் நெகட்டிவ் எங்கே? பிரிண்ட் இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கலர் பிரிண்ட் வெளிறும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. குண்டூசி, ஜெம் கிளிப், ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள், ராயபுரம் காற்றில் துருவேறாத ஊசி கிடையாது. செல்லோடேப் கூடவே கூடாது. ஒட்டும் ஆல்பத்தில் போட்டோ இருந்தால் பிய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். பின்னால் பெயர் எழுதப் பென்சில் மட்டும், பால் பாயிண்ட் வேண்டாம். பச்சை வேப்பிலையை நடுவில் வைக்காதீர்கள், அதன் ஈரமே பூஞ்சையைக் கூப்பிடும். பரணில் வேண்டாம், தரையிலும் வேண்டாம், பீரோவின் நடுத்தட்டு போதும். ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் ஸ்கேன் செய்தாயிற்று என்று அசலை எடைக்குப் போடாதீர்கள்.

மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த ஆல்பங்களை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார்கள். அத்தனையும் கட்டியாகிவிட்டது. நனைந்து ஒட்டிய போட்டோவைக் காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லப் பிரியுங்கள். நோட்டு, கடிதம் என்றால் ஃபேன் காற்றில், நிழலில். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். நேரமில்லையென்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்று. குரூப் போட்டோவை ஃப்ரேம் போடக் கொடுக்கும்போது கடையில் நின்று பாருங்கள். ஆட்டோகிராஃப் புத்தகம் கொண்டுவந்த பையன் வீட்டில் 1966-67 விடுதி தின போட்டோ இருக்கிறது. ஃப்ரேமுக்குள் அடங்கவில்லையென்று அடி அட்டையை வெட்டியிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட அட்டையில்தான் எல்லோருடைய பெயரும் அச்சாகியிருந்தது.

நல்லவேளை, பாட்டிக்குக் கண் தெரிகிறது, நினைவும் தெளிவு. போன ஞாயிற்றுக்கிழமை போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார், நான் பென்சிலால் எழுதினேன். வடைக்காரத் தோழி உட்கார்ந்திருப்பவர்களில் இடமிருந்து மூன்றாவது. இருபத்தியேழு பேர் முடிந்தது. பின்வரிசையில் நாலு பேர் பாக்கி. "அடுத்த வாரம் வாம்மா, அதுக்குள்ள யோசிச்சு வைக்கிறேன்" என்றிருக்கிறார்.