முதலாம் ஆண்டின் முதல் நாள்: பெயரைச் சரியாகக் கூப்பிடுங்கள்

ஜனவரியில் கோலாலம்பூரில் சூரியன் உதிக்க ஏழேகால் தாண்டிவிடும். செந்தூல், ஜிஞ்சாங் அடுக்குமாடிகளில் இருந்து முதல் வகுப்பில் சேரும் ஏழு வயதுப் பிள்ளை ஐந்து மணிக்கே எழுந்து, ஆறு மணி வேனில் ஏறி, இருட்டோடு இருட்டாகப் பள்ளி வாசலில் வந்து இறங்குகிறது. புதுச் சட்டை கழுத்தில் உரசுகிறது. பை முதுகைவிடப் பெரிது. அந்த நேரத்தில் வகுப்பறை பூட்டியிருந்தால், பாலர் பள்ளியில் சேர்த்துவைத்திருந்த துணிச்சல் அங்கேயே கரைந்துவிடும். அதனால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதுதான்: முதல் நாள் ஆறே முக்காலுக்கு வகுப்பில் விளக்கும் காற்றாடியும் ஓடட்டும், கதவு திறந்திருக்கட்டும், கதவருகே நீங்கள் நில்லுங்கள். ஆசிரியர் அறைக் கூட்டத்தை முந்திய வாரமே முடித்துவிடலாம்.

வாசலில் நின்று என்ன சொல்வது? பிள்ளையின் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வது. எளிதாகத் தெரியும், ஆனால் நம் நாட்டில் இதில்தான் அதிகம் தவறுகிறோம். பெயர்ப் பட்டியல் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி ரூமி எழுத்தில், அதாவது மலாய்மொழி எழுதும் ஆங்கில எழுத்துகளில் வருகிறது. ரூமியில் நிலாவும் நீலாவும் ஒரே எழுத்து. தரணியும் தாரணியும் அப்படியே. ல, ள வேறுபாடு தெரியாது, குறில் நெடில் தெரியாது. போதாக்குறைக்கு எண் கணிதம் பார்த்து நடுவில் செருகிய கூடுதல் எழுத்துகள் வேறு. ஆசிரியர் பட்டியலைப் பார்த்து ‘நீலா’ என்று வாசிப்பார். நிலா, அது வேறு யாரோ என்று பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு ‘ஏன் கூப்பிட்டா பதில் சொல்லல?’ என்று கேட்டால் அவளுக்கு என்ன பதில் இருக்கும்?

இதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே வழி செய்யலாம். புதிய மாணவர் அறிமுக நாளில் பெற்றோரிடம் அரைத்தாள் படிவம் ஒன்று கொடுங்கள். பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பெற்றோரும் உண்டு. அவர்களை வாயால் சொல்லச் சொல்லி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதே தாளில் இன்னும் நான்கு கேள்விகள் போதும்: வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள், ஆஸ்துமா அல்லது உணவு ஒவ்வாமை இருக்கிறதா, பள்ளி விட்டதும் யார் அழைத்துப்போவார்கள். வீட்டில் ‘பாப்பா’, ‘தம்பி’ என்று மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைக்குத் தன் முழுப்பெயர் தன்னுடையது என்று படிய ஓரிரு நாள் ஆகும். செல்லப் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அழுகை வரும்போது அது உதவும்.

பெயர் அட்டைக்கு ஏ4 தடித்தாளை நீளவாக்கில் மடித்துக் கூடாரம்போல் மேசைமேல் நிறுத்துங்கள். ஒரு பக்கம் தமிழில் பெரிதாக, மறுபக்கம் ரூமியில். கழுத்தில் மாட்டும் அட்டையில் பெயர் வெளியே தெரியும்படி பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தெரிந்தவர் என்று பிள்ளை நம்பிவிடும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் அரைமணி நேர இடைவெளியாவது இருக்கும். வெறும் மேசை முன்னால் அரைமணி உட்கார்வது ஏழு வயதுக்கு நெடுநேரம். ஒவ்வொரு மேசையிலும் வண்ணம் தீட்ட ஒரு தாளும் நான்கைந்து வண்ணப் பென்சில்களும் வைத்துவிடுங்கள். கை வேலை செய்யும்போது கண் அம்மாவைத் தேடுவது குறையும்.

ஜன்னலில் அப்பிக்கொண்டு நிற்கும் பெற்றோர் விஷயத்தில் கொஞ்சம் உறுதி தேவை. விடைபெறுவது கதவருகே, சுருக்கமாக, முகம் பார்த்து. பிள்ளை கவனிக்காத நேரம் நழுவுவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய பிழை. அழுகை குறையும் என்று நினைத்துச் செய்கிறார்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை வாரம் முழுக்கப் புத்தகத்தைப் பார்க்காது, கதவையே பார்க்கும். ‘பன்னிரண்டரைக்கு வரேன்’ என்பதும் பயன்படாது, கடிகாரம் பார்க்கத் தெரியாத வயது. ‘ஓய்வு மணி அடிச்சு, சாப்பிட்டு, டீச்சர் கதை சொல்லி முடிச்சதும் அம்மா வாசல்ல நிப்பேன்’ என்று நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கவும் சொல்லுங்கள்.

அழும் பிள்ளையிடம் ‘பெரிய பையன் அழலாமா?’ என்று கேட்பதை விட்டுவிடலாம். அது அழுகையோடு வெட்கத்தையும் சேர்க்கிறது. முட்டி போட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்கி, ஒரு வேலை கொடுங்கள்: ‘இந்தப் பென்சில்களை அந்த வரிசைக்குக் கொடுத்துட்டு வரியா?’ பலருக்கு இது போதும். போதாத பிள்ளைக்கு அம்மா முதல் நாள் வகுப்பின் பின்னால் அரைமணி உட்காரட்டும், மறுநாள் கதவுக்கு வெளியே, மூன்றாம் நாள் வாசல் வரை. எந்த நிலையிலும் அழும் பிள்ளையை வெளியே தனியாக நிறுத்தாதீர்கள்.

முதல் மணி நேரத்துக்குள் எல்லாரையும் கழிவறைக்கு அழைத்துப்போங்கள். ‘அதோ அங்க இருக்கு’ என்று கை காட்டினால் போதாது. எது ஆண்பிள்ளைகளுக்கு, எது பெண்பிள்ளைகளுக்கு, தண்ணீர்க் குழாயை எப்படித் திறப்பது என்று காட்டுங்கள். வீட்டில் உட்காரும் கழிப்பறை மட்டுமே பழகியவர்கள் குந்தும் கழிப்பறையைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இன்னொன்று, புது நீலக் கால்சட்டையின் கொக்கி. துவைத்துப் பழகாத துணி விறைப்பாக இருக்கும், கொக்கி சிறு விரல்களுக்கு அசையாது. அவசரத்தில் வந்து கொக்கியோடு போராடுகிற நேரத்தில்தான் நனைகிறது. பள்ளி திறக்குமுன் வீட்டிலேயே பத்துமுறை கழற்றி மாட்டிப் பழக்கச் சொல்லுங்கள், பெண்பிள்ளைகளின் பினாஃபோர் சீருடை ஜிப்புக்கும் அதேதான். அலமாரியில் இரண்டு மூன்று மாற்றுடைகள் இருக்கட்டும். நனைந்துவிட்டால் மற்றவர்கள் திரும்புவதற்குள் மாற்றிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டப்பெயர் அந்த இரண்டு நிமிடத்தில் பிறக்கக்கூடும்.

‘டீச்சர், நான் கழிவறைக்குப் போகலாமா?’ என்ற வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அந்த வாக்கியம் வரும்வரை காக்கவைக்காதீர்கள். மலாயில் கேட்டாலும், ஆங்கிலத்தில் கேட்டாலும், கையைத் தூக்கினாலும் உடனே அனுப்புங்கள். தமிழ்ப்பள்ளிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் தமிழ் பேசுவதில்லை. ‘தமிழ்ல பேசு’ என்று அதட்டினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடும். அது சொன்னதை நீங்கள் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொன்னால் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 1816இல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து இருநூறு ஆண்டுகளாக நம் மொழி இங்கே வகுப்பறையில் வாழ்கிறது. அந்த வரிசையில் வந்து சேரும் பிள்ளைக்குத் தமிழ் முதலில் அன்பான குரலாகக் கேட்கட்டும்.

அதே காரணத்தால் முதல் நாள் ‘யாருக்கு எழுதத் தெரியும்? கை தூக்குங்க’ என்று கேட்காதீர்கள். சிலர் பாலர் பள்ளியிலேயே வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள், சிலருக்கு ‘அ’கூடத் தெரியாது. அந்த ஒரு கேள்வியில் வகுப்பு இரண்டாகிவிடும், கை தூக்காதவர் அதை மறக்கமாட்டார். யார் எங்கே நிற்கிறார் என்பது, வண்ணம் தீட்டும்போது பென்சில் பிடிக்கும் விதத்திலேயே ஓரளவு தெரியும்.

பணம், படிவம், கட்டணம் எதையும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். அரசு தரும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவிநிதிக்கான கையெழுத்தைக்கூட மண்டபத்தில் வேறோர் ஆசிரியர் வாங்கட்டும். ‘இன்னும் கட்டாதவங்க யாரு?’ என்ற குரல் பிள்ளைகள் காதில் விழவே கூடாது. பிரம்பும் மேசைமேல் வேண்டாம். விதிகள் மூன்று போதும், சொல்வதோடு விடாமல் நடித்துக் காட்டிப் பழக்குங்கள்.

ஓய்வு நேரம் சுமார் இருபது நிமிடம்தான். பெரிய பிள்ளைகள் வருமுன் பத்து நிமிடம் முன்னதாக உங்கள் வகுப்பைச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப்போக அனுமதி வாங்குங்கள். ஐந்து ரிங்கிட் நோட்டோடு வரும் பிள்ளைக்கு மீதி எவ்வளவு என்று தெரியாது. ஒரு ரிங்கிட் நோட்டுகளும் ஐம்பது சென் காசுகளுமாகக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். உணவு டப்பா மூடியைத் திறக்க முடியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு, பசியோடு திரும்பும் பிள்ளை ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். மேசைக்கு மேசை நடந்து பாருங்கள்.

மிகக் கவனம் தேவைப்படுவது பள்ளி விடும் நேரம். ஒவ்வொரு பையிலும் நிற நாடா கட்டுங்கள்: வேனுக்குச் சிவப்பு, பராமரிப்பு மையத்துக்கு நீலம், வீட்டார் வந்து அழைப்பவர்களுக்கு மஞ்சள். வேன் எண்ணும் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணும் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் ‘நான் மாமாதான்’ என்றாலும், வீட்டுக்கு அழைத்துக் கேட்காமல் பிள்ளையை விடாதீர்கள். காலையில் செய்ததுபோலவே கதவருகே நின்று, சரியான உச்சரிப்பில் பெயர் சொல்லி, ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று ஒவ்வொருவரையும் அனுப்புங்கள். பெயர் அட்டைகளை எடுத்துவிடாதீர்கள். மறுநாள் இருட்டில் வந்து இறங்கும்போது அதே மேசையில் அதே அட்டை நிற்கட்டும்.