தேனீ உருமாறல, வேற மாதிரி இருக்கு

மேற்கு ஆப்பிரிக்கத் தேனீக்களைப் பத்தி தமிழ்ல வர்ற கட்டுரைல எல்லாம் "தேனீக்களின் உருமாற்றம்"னு ஒரு தலைப்பு வந்து நிக்குது. சாஹேல் பக்கம் வறண்ட பூமில இருக்கற தேனீ பொடிசு, கினி வளைகுடா பக்கம் மழைக்காட்டுல இருக்கறது அதைவிடக் கொஞ்சம் பெருசு, இறக்கை நீளம் வேற, வயித்துப் பட்டைல மஞ்சள் எவ்வளவுங்கறது வேற, அவ்வளவுதான் சமாச்சாரம். இதுல யாரு எங்க உருமாறினா?

இந்த உருமாற்றத்துக்கு இங்கிலீஷ் மூலச்சொல் வேரியேஷன். லத்தீன்ல வாரியுஸ்னா பல நிறமானது, புள்ளி புள்ளியா இருக்கறது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. வேர்க்கதை இது போதும்.

பூச்சி சம்பந்தமா உருமாற்றம்னா அதுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்குங்க. முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் தேனீ, ஒரே உயிர் ஒரே அறைக்குள்ள சுமார் 3 வாரத்துல ஆள் அடையாளம் தெரியாம மாறி வெளிய வருதே, அதுக்குப் பேருதான் உருமாற்றம். 2020 கடைசில "உருமாறிய கொரோனா"ன்னு நியூஸ்ல போட்டுப் போட்டு நம்ம காதுல ஏத்திட்டாங்க, வைரஸாவது நிஜமாவே மாறுச்சு, சரி போகட்டும், ஆனா அதையே தூக்கிட்டு வந்து தேனீ மேல ஒட்டினா படிக்கற பையன் கூட்டுப்புழுவைத்தானே நினைப்பான்?

இதைச் சொன்னா தனித்தமிழ்க்காரங்க "வடிவத்திரிபு"ன்னு ஒண்ணை நீட்டறாங்க. சொல் அழகாத்தான் இருக்கு, பொருள்தான் இடிக்குது. திரிபுன்னா சரியா இருந்தது கோணிக்கிட்டுப் போனது, ஐயந்திரிபறன்னு சொல்றோம்ல, பால் திரிஞ்சு போச்சுங்கறோம்ல. அப்போ ஐரோப்பாத் தேனீதான் அசல், செனகல் தேனீ அதுல இருந்து கெட்டுப்போனதா? ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758ல தேனீக்கு ஏபிஸ் மெல்லிஃபெரான்னு அறிவியல் பேர் வெச்சப்போ அவர் கையில ஐரோப்பாத் தேனீ இருந்துச்சு, 1804ல பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் மேற்கு ஆப்பிரிக்கத் தேனீக்கு அடன்சோனின்னு பேர் வெச்சார் (1749ல செனகல் போன மிஷெல் அடான்சோன் நினைவா). பேர் முந்தி வந்ததுனால ஒண்ணு அசலாயிடுமா?

"மாறுபாடு" பரவால்ல, சண்டைக்கு வரமாட்டேன். ஆனா அதுலயும் மாறுங்கறது உள்ள உக்காந்திருக்கு, பழசுல அதுக்கு ஒவ்வாமைன்னு பொருள், "மாறுபாடு இல்லாத உண்டி"ன்னு குறள்லயே இருக்கு. என் ஓட்டு "உருவ வேறுபாடு"க்கு. வேறுன்னா வேறு. எதுல இருந்து மாறுச்சு, எது ஒழுங்குன்னு அது கேக்கறதே இல்ல.

ஆராய்ச்சி செய்யறவங்க பண்றதும் அதுதான். நாக்கு நீளம், முடி நீளம், பட்டை நிறம்னு வேலைக்காரத் தேனீயைப் பிரிச்சு வெச்சு அளக்கறாங்க. முன் இறக்கைல ஒரு சின்ன அறை இருக்கும், அதோட அடி நரம்புல இன்னொரு நரம்பு வந்து சேந்து அதை ரெண்டு துண்டாக்கும், பெரிய துண்டைச் சின்னதால வகுத்தா வர்ற எண்தான் கியூபிட்டல் இண்டெக்ஸ். இப்படி அளந்துதான் தேனீ ஆய்வாளர் ருட்னர் 1976ல வறண்ட பக்கத்துத் தேனீயை ஜெமெனிடிகான்னு தனியாப் பிரிச்சார், மெல்லிஃபெராலயே ரொம்பப் பொடிசு அதுதான். அதுக்கும் அடன்சோனிக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி எல்லை எதுவும் கிடையாது, நடுவுல ரெண்டுங்கெட்டானா நிறைய இருக்கு. திரிபுக்காரங்க இதுல எதை எதோட திரிபுன்னு சொல்லுவாங்க?

இந்த அலட்சியம் பேர்லயும் தொடருது. 1956ல மரபியலாளர் வார்விக் கெர் ஆப்பிரிக்காவுல இருந்து பிரேசிலுக்குக் கொண்டுபோன ராணித் தேனீக்களை ரொம்ப நாள் அடன்சோனின்னே எழுதிட்டிருந்தாங்க, அதெல்லாம் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவோட ஸ்குடெல்லாட்டாங்கற வகைன்னு பின்னாடி திருத்தியாச்சு. அதுங்க வழி வந்ததைத்தான் கொலைகாரத் தேனீங்கறாங்க. நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் பழைய கட்டுரையைப் பாத்து "மேற்கு ஆப்பிரிக்கக் கொலைகாரத் தேனீ உருமாறி பிரேசிலை ஆக்கிரமித்தது"ன்னு இன்னமும் எழுதறாங்க. ஒரே வரில ஊரும் தப்பு, வினைச்சொல்லும் தப்பு.