அலுமினியக் கசடில் தண்ணீர் பட்டால்

நான் அலுமினிய உருக்காலையில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது புகையைப் பற்றித்தான். அதில் வரும் ஃபுளோரைடைக் கண்காணிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கொட்டகைக்குள் குவிந்து கிடக்கும் கசடு.

உருகிய அலுமினியத்தை காஸ்ட்ஹவுஸ் (வார்ப்புக்கூடம்) உலையில் ஊற்றியதும், பால்மேல் ஆடை படிவதுபோல் ஒரு படலம் கட்டும். அதை நீளமான இரும்பு வாரியால் வழித்தெடுப்பார்கள். வெளியே வந்த பிறகும் அது செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். அந்தச் சூட்டில் அலுமினியம் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து அலுமினியம் நைட்ரைடு உண்டாகிறது. ஆறிய பிறகு பார்த்தால் பொடியும் கட்டியுமாகச் சாம்பல் நிற மண், அவ்வளவுதான். யாருக்கும் பயம் வராது. ஆனால் ஈரம் பட்டால் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். மழைக்காலத்தில் காலையில் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண் எரியும், தொண்டை கமறும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நியூசிலாந்தின் தென்கோடியில் டிவாய் பாயிண்ட் உருக்காலை 1971 முதல் ஓடுகிறது. மனபௌரி நீர்மின் நிலையத்தை நம்பிக் கட்டியது. நாட்டு மின்சாரத்தில் சுமார் 13 சதவீதம் அதற்கே போகிறது. 2020 ஜூலையில் ஆலையை மூடப்போவதாக அதை நடத்தும் ரியோ டின்டோ நிறுவனம் அறிவித்தபோது சவுத்லாந்து வட்டாரமே கலங்கிப்போனது. 2024ல் 20 வருட மின் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் நிம்மதி. இப்படி ஒரு ஆலையை நம்பிப் பிழைக்கிற ஊரில், அதைக் கேள்வி கேட்க யாருக்கும் சட்டென்று வாய் வராது.

அந்த ஆலையின் கசடை எடுத்துப் பதப்படுத்தி வந்தது வேறொரு நிறுவனம். 2016ல் அது திவாலானது. மிஞ்சிய பொருளில் சுமார் 10,000 டன், மட்டாவுரா என்ற சிற்றூரின் பழைய காகித ஆலைக்குள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. காகித ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் ஆற்றங்கரையிலேயே கட்டியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் வெள்ளம் வந்து கட்டடத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் ஒரு பக்கம், நச்சு வாயு பயம் மறுபக்கம். மக்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். நல்லவேளை, பெரும்பகுதி நனையாமல் தப்பியது. அத்தனையும் அங்கிருந்து அகன்றது 2021ல்தான்.

கசடை இன்னொருவர் கையில் கொடுத்ததும் ஆலையின் பொறுப்பு முடிந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. லாபம் பார்க்கிற வரைக்கும்தான் சின்ன நிறுவனம் அதைக் கட்டிக் காக்கும். நொடித்துவிட்டால் அது ஊர் தலையில்தான் விழும், அகற்றும் செலவு உட்பட. எனவே உங்கள் பக்கத்தில் உருக்காலை இருந்தால், கசடு எங்கே போகிறது, யார் பெயரில் இருக்கிறது, கூரை ஒழுகாமல் இருக்கிறதா, அந்த இடத்தில் வெள்ளம் ஏறுமா, எடுத்துப்போனவர் கைவிட்டால் அகற்றுவதற்கு முன்பணம் கட்டிவைத்திருக்கிறார்களா என்று பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். ஆலைக்கு எதிரி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அப்புறம், ‘பாட்’ (pot) என்று நாங்கள் சொல்லும், மின்சாரம் பாய்ச்சி அலுமினியம் பிரிக்கும் தொட்டிகளின் உள்பூச்சைப் பற்றியும் கேளுங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். அதில் சயனைடும் ஃபுளோரைடும் ஊறியிருக்கும். அதுவும் நனையவே கூடாது.

இன்னொன்று. கசடுக் குவியல் புகைய ஆரம்பித்தால் குழாயைத் திருப்பித் தண்ணீர் பீய்ச்சத்தான் கை போகும். செய்யக் கூடாது. காய்ந்த மணலைக் கொட்டித்தான் அணைக்க வேண்டும். ஆலைக்குள் இருப்பவர்களுக்கு இது பழக்கம். வெளியூர்க் கிடங்கில் தீப்பிடித்தால் ஓடி வருவது உள்ளூர் தீயணைப்பு வீரர்கள். எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களிடம் எழுத்தில் இருக்கிறதா என்று நிலையத்துக்கே போய் விசாரித்துப் பாருங்கள்.