நடுக்கம் நின்றுவிட்டது, நல்லதுதானே டாக்டரம்மா?

போன வாரம் விடிகாலையில் மூணாறில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடு) ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கம்பளியில் சுருட்டித் தூக்கி வந்தார்கள். ராத்திரி முழுக்கச் சாரலில், சாத்திக் கிடந்த டீக்கடைத் திண்ணையில் கிடந்திருக்கிறார். மேலே காய்ந்த கம்பளி, உள்ளே சொட்டச் சொட்ட நனைந்த சட்டையும் வேட்டியும் அப்படியே. "மொதல்ல கடகடன்னு நடுங்குனாரு டாக்டரம்மா. ரெண்டு மடக்கு பிராந்தி குடுத்தோம், வர்ற வழியில நடுக்கம் நின்னுருச்சு" என்றான் மகன். அக்குளில் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் 'லோ' என்று காட்டியது. எட்டிப் பார்த்துவிட்டு, "காச்சல் இல்ல, நல்லதுதானே?" என்று கேட்டான்.

நல்லதில்லை தம்பி. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் அப்படிக் காட்டும். 37-ல் இருக்க வேண்டிய உடம்பு 35-க்கு இறங்கினாலே எங்கள் கணக்கில் ஆபத்து. (பழைய பாதரச மீட்டரில் 35-க்குக் கீழே கோடே கிடையாது. அதை நம்பி ஏமாந்த இளம் டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன்.)

இந்த வருஷம் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேருக்கும் பிராந்தி கொடுத்துத்தான் கூட்டி வந்தார்கள்.

மூணாறு என்றாலே மார்கழி, தையில் செண்டுவாரையிலும் லட்சுமி எஸ்டேட்டிலும் புல் வெளுத்துக் கிடக்கும் உறைபனிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதைப் படம் எடுக்க வண்டி வண்டியாக வருகிறார்கள். நான் பயப்படுவது ஆடிச் சாரலுக்கு. வெளியே 14 டிகிரிதான், ஆனால் ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் அதுவே போதும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும்.

சரி, பிராந்திக்கு வருகிறேன். ராத்திரி லயத்துக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பு மூட்டுகிறோம் இல்லையா? உடம்பும் குளிரில் அதைத்தான் செய்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒதுக்குகிறது. விரல் வெளுத்துப் போவது அதனால்தான். பிராந்தி அந்தக் கதவைத் திறந்து விடுகிறது. ரத்தம் தோலுக்குப் பாய்கிறது, குளிரும் சூடும் தெரிகிற நரம்புகள் தோலில் இருப்பதால் 'கதகதன்னு இருக்கு' என்கிறோம். வாசலில் நிற்பவனுக்குச் சூடாகத்தான் இருக்கும், உள்ளே அடுப்படி ஆறிக்கொண்டிருக்கும். இது போதாதென்று, உடம்பு தானே சூடு உண்டாக்கும் ஒரே பெரிய வழியான நடுக்கத்தையும் சாராயம் மட்டுப்படுத்துகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கும், அப்புறம் நடுங்கத் தெம்பு ஏது? எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்ற புத்தியும் அப்போது வேலை செய்யாது.

"மிலிட்டரியில ரம் குடுக்குறாங்களே?" என்று யாராவது ஒருவர் கேட்பார். குடிப்பவர் மிலிட்டரிக்காரர் என்பதற்காக ரத்தக் குழாய் வேறு மாதிரி நடந்துகொள்ளாது ஐயா.

நடுங்குகிற ஆளைப் பார்த்துப் பதறுகிறீர்கள். சூடு ஏறாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தள்ளாடி, தூக்கம் தூக்கமாக வருகிறது என்கிறவரைத்தான் 'போதை, படுக்கட்டும்' என்று விட்டுவிடுகிறீர்கள். முற்றிப்போனால் 'வேக்காடா இருக்கு' என்று சட்டையைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

ஈரத்துணியை முதலில் உருவுங்கள், வெட்கம் பார்க்க வேண்டாம். துடைத்து, காய்ந்த கம்பளி சுற்றி, தலைக்குக் குல்லா போடுங்கள். கழுத்து, நெஞ்சு, அக்குள் பக்கம் சூடு காட்டுங்கள், கை காலைத் தேய்க்காதீர்கள். வெந்நீர்ப் பாட்டிலைத் துணி சுற்றாமல் வைக்காதீர்கள், தோல் வெந்துபோய் வருகிறார்கள். நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால் சர்க்கரை தூக்கலாகக் கட்டன் சாயா (பால் விடாத டீ) கொடுக்கலாம். படுக்கவைத்தே, குலுக்காமல் கொண்டுவாருங்கள், குளிர்ந்த இதயம் சின்ன அதிர்வுக்கே தாளம் தப்பும். பிரஷர்காரர்கள் குளிர் நாளில் மாத்திரையை விடவே கூடாது, குழாய் சுருங்கினால் பிரஷர் ஏறும். கைக்குழந்தைக்கு நடுங்கத் தெரியாது, தாயின் நெஞ்சோடு ஒட்டிப் படுக்க வையுங்கள்.

உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரிச்சட்டியோடு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை இருக்காது, எழுப்பாது.

இன்னொன்று. ஆள் சில்லிட்டு விறைத்திருக்கிறார், நாடி கைக்குத் தட்டுப்படவில்லை என்பதற்காக லயத்திலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். குளிர்ந்த உடம்பில் நாடி ரொம்ப மெதுவாக ஓடும், சூடேற்றிப் பார்க்காமல் நாங்களே சொல்ல மாட்டோம். போடியிலும் சங்கரன்கோவிலிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஜீப்பைக் கூப்பிடுங்கள்.