விசாரணை அதிகாரி பாதியில் மாறினால் வழக்கு என்ன ஆகும்?

பெரிய கம்பெனி ஒன்றில் மோசடி என்று செய்தி வந்தால், 'எஸ்எஃப்ஐஓ (தீவிர மோசடி விசாரணை அலுவலகம்) விசாரிக்கப் போகிறது' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே கணக்கைப் புரட்டப்போவது யார், எந்தத் துறையிலிருந்து வந்தவர், எத்தனை காலம் இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. விசாரணைக்கு உள்ளான கம்பெனிகளின் ஆவணங்களோடு பல வருடம் மல்லுக்கட்டிய பட்டயக் கணக்காளர் என்ற முறையில் சொல்கிறேன்: நாம் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

இந்த அலுவலகம் 2003-ல், நரேஷ் சந்திரா குழுவின் பரிந்துரையை ஒட்டித் தொடங்கப்பட்டது. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 211-வது பிரிவு அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. கைது செய்யும் அதிகாரம் 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வங்கி, வரி, தடயவியல் தணிக்கை (கணக்கில் மோசடியைத் தேடும் தணிக்கை), மூலதனச் சந்தை, தகவல் தொழில்நுட்பம், சட்டம் எனப் பல துறை வல்லுநர்கள் இருக்க வேண்டும் என்று அதே 211-வது பிரிவு சொல்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் டெபுடேஷனில், அதாவது அயல்பணியில் வருபவர்கள். பொதுவாக மூன்று வருடம், நீட்டித்தால் இன்னும் கொஞ்சம். அப்புறம் தாய்த்துறைக்குத் திரும்பிவிடுவார்கள். காலியிடங்கள் பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு எழுப்பிய கவலை வேறு இருக்கிறது.

மூன்று வருடம் போதாதா என்று கேட்கலாம். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கம்பெனியிலிருந்து சப்ளையர் ஒருவருக்கு அட்வான்ஸ் போகிறது. அங்கிருந்து இரண்டு சின்ன நிறுவனங்களுக்குப் பிரிந்து, ஒரு வாரத்தில் அதே கம்பெனிக்குப் பங்கு விண்ணப்பப் பணமாகத் திரும்புகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கமிஷன் மட்டும் குறைந்திருக்கும். அந்த இரண்டு நிறுவனங்களும் கம்பெனிப் பதிவாளரிடம் கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஒன்றே என்பதை ஒருவர் கவனித்தால்தான் நூல் பிடிபடும். வங்கி ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்து, மாதக்கணக்கில் சேர்த்த அறிவு அது. பாதி எக்ஸெல் தாளில் இருக்கும், மீதி அந்த அதிகாரியின் தலைக்குள் இருக்கும்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு விசாரணையில் (எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை) நடுவழியில் அதிகாரி மாறினார். ஏற்கெனவே கொடுத்த லெட்ஜர்களையும் டேலி (கணக்கு மென்பொருள்) பேக்கப்பையும் புதியவர் மறுபடி கேட்டார். இயக்குநர்களையும் மீண்டும் வரவழைத்தார். அவர்களில் ஒருவர் முதலில் சொன்னதற்கும் இப்போது சொன்னதற்கும் பொருந்தவில்லை. முந்தைய வாக்குமூலத்தை எடுத்து வைத்து அங்கேயே மடக்கியிருக்கலாம். புதியவர் அதை முழுசாகப் படித்திருக்கவே இல்லை. அவர்மேல் குற்றமில்லை, மேசையில் அத்தனை கோப்புகள். ஆனால் கம்பெனிகள் சட்டத்தின் 217-வது பிரிவின்படி பதிவாகிக் கையெழுத்தான வாக்குமூலம் பின்னால் சாட்சியமாகும். அந்த முரண்பாட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா விடுவாரா?

இதில் தப்பிப்பவர்களைவிடச் சிக்கிக்கொள்பவர்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். மோசடிக்கு அதே சட்டத்தின் 447-வது பிரிவில் பத்து வருடம் வரை சிறை உண்டு, ஜாமீனும் எளிதல்ல. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்ட அக்கவுண்டன்ட், பெயருக்கு இயக்குநரான உறவுக்காரர் எல்லாம், யார் உண்மையில் முடிவெடுத்தார் என்று ஒருவர் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் வரை தொங்கலிலேயே கிடப்பார்கள்.

என் கருத்தில், நிரந்தரப் புலனாய்வுப் பணியாளர் பிரிவு ஒன்று பெரிதாக வளர வேண்டும். இந்தியக் கம்பெனிச் சட்டப் பணிக்கு சிவில் சர்வீசஸ் தேர்வு வழியாகவே ஆள் எடுக்கிறார்கள். அவர்களில் புலனாய்வில் ருசி உள்ளவர்களை அங்கேயே நிலைக்க விடலாம். டெபுடேஷனுக்கான படித்தொகை அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம், வெளியூர் என்றால் 10 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு. இதை வைத்துத் தனியார் தடயவியல் நிறுவனங்களோடு போட்டி போட முடியாது. செலவில்லாத ஒரு வேலையை உடனே செய்யலாம்: விலகுபவரும் வருபவரும் சில வாரமாவது ஒன்றாக உட்கார்ந்து, எழுத்துபூர்வமாக வழக்கைக் கைமாற்றட்டும்.

இளம் கணக்காளர்களே, வழக்கறிஞர்களே, இந்த வேலைக்கு நீங்கள் தேவை. அரசுத் துறையிலோ பொதுத்துறை வங்கியிலோ இருந்தால் துறை வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். தடையின்மைச் சான்றும் விஜிலென்ஸ் சான்றும் தாமதமாகும், முன்கூட்டியே கேளுங்கள். அறிவிப்பை அமைச்சகத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் பணி ஆணை அனுப்பி, சேருவதற்கு வைப்புத்தொகை கேட்டால் அது போலி. பணம் கட்டாமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.