படலைக்கு உள்ளே இருப்பவரின் இலக்கம்

யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பழுதுபார்ப்பது எங்கள் தொழில். கரவெட்டியில் ஒரு வீட்டுக்கு எங்கள் களப் பணியாளர்கள் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். வீட்டில் தாயார் தனியாக. கண்காணிப்புக் கமராவில் படம் வரவில்லை என்று முறைப்பாடு செய்தவர் மகன். இரண்டு தடவையும் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று எழுதி முறைப்பாட்டை முடித்துவிட்டோம். மாத முடிவில் பார்த்தால் முடித்த வேலைகளின் தொகை நன்றாகவே இருந்தது. மூன்றாவது தடவை மகன் கோபத்தோடு பேசியபோது நானே போனேன்.

அம்மா படலையைத் திறந்து உள்ளே அழைத்துப் போனார். கமராவுக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் போகும் சுவிட்ச் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. மின்னல் மின்னினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்று மகனே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு மழை இரவில் நிறுத்தியவர் பிறகு போட மறந்துவிட்டார். சுவிட்சைப் போட்டேன், சில நிமிடங்களில் படம் வந்துவிட்டது. "நீங்கள் வருவீர்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே, தம்பி. மத்தியானப் பூசைக்கு நான் கோயிலுக்குப் போய்விடுவேன்" என்றார், தேத்தண்ணீரை நீட்டியபடி.

எங்கள் முறைப்பாட்டுப் படிவத்தில் ஒரே ஒரு தொலைபேசி இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. அதில் இருந்தது ரொறன்ரோ இலக்கம். யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இது. இங்கே பல வீடுகளில் பணம் கட்டுகிறவர் ஒருவர், பொருளோடு வாழ்கிறவர் வேறொருவர். நாம் பேசுவதெல்லாம் பணம் கட்டுகிறவரோடு. இப்போது எங்கள் படிவத்தில் இரண்டு இலக்கங்கள் இல்லாமல் எந்த வேலையும் களத்துக்குப் போகாது. வீட்டில் இருப்பவர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்பதையும் எழுதுகிறோம். முகவரியும் அப்படித்தான். "சந்தியிலிருந்து இரண்டாவது ஒழுங்கை, வைரவர் கோயிலைத் தாண்டி நீலப் படலை" என்று அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். அதைச் சுருக்கி வெறும் ஊர்ப் பெயராக்கினால், களப் பணியாளர் வெயிலில் நின்று வழி கேட்டுக்கொண்டிருப்பார்.

தொலைபேசியிலேயே தீரக்கூடியதைத் தொலைபேசியிலேயே தீர்க்க வேண்டும் என்பதை 2022 எங்களுக்குக் கடுமையாகக் கற்றுத் தந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கிழமைப் பங்கை வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினாலும் கிழமை முழுவதற்கும் 180 கிலோமீற்றர்தான். பருத்தித்துறைக்கு இரண்டு தடவை போய்வந்தால் அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். அதனால் வலிகாமம் ஒரு நாள், வடமராட்சி ஒரு நாள், தென்மராட்சி ஒரு நாள் என்று வேலைகளைச் சேர்த்தோம். புறப்படுவதற்கு முன்னர் வீட்டில் இருப்பவரோடு கட்டாயம் பேசினோம். "ரவுட்டரில் விளக்கு எரிகிறதா?" என்று கேட்டால் பெரியவர்கள் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "எத்தனை விளக்கு எரிகிறது, ஒன்றாவது சிவப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால்தான் எழுந்துபோய்ப் பார்ப்பார்கள். எரிபொருள் தட்டுப்பாடு நீங்கிய பிறகும் இந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிற எங்கள் தொலைபேசிப் பிரிவினரைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தொலைபேசிப் பிரிவை அவசரமாக வீடுகளுக்கு மாற்றினோம். அது அப்படியே நிலைத்துவிட்டது. பஸ் பயணம் மிச்சம், பிள்ளைகளோடு இருக்கலாம் என்று பலருக்கு அது விருப்பமாகவும் இருந்தது. ஆனால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் மதியம் 12 மணி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அங்கே மதிய இடைவேளையில் ஒருவர் ஆறுதலாக வட்ஸ்அப்பில் அழைக்கிறார். இங்கே ஒரு தாய் பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டிருக்கிறார். அழைப்பை எடுக்காவிட்டால் பொறுப்பில்லாதவர் என்ற பெயர். அலுவலகத்தில் இருந்தால் ஏச்சு வாங்கியவரின் முகம் வாடுவதைப் பக்கத்து மேசைக்காரி பார்த்திருப்பார். வீட்டில் அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

எங்களிடம் வேலை செய்த ஒரு தங்கை விலகிய பிறகுதான், அவர் பல மாதங்களாக இரவு பதினொரு மணிவரை பதில் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவந்தது. அது என் தவறு. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்றுதான் சாதாரண வேலை நேரத்தை வரையறுக்கிறது. வீட்டுக் கதிரையில் இருந்து செய்தாலும் வேலை வேலைதான். இப்போது சொந்த இலக்கத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. வேலை இலக்கம் மாலையில் நின்றுவிடும். இரவு அழைப்புக்கு முறை வைத்து ஒருவர் இருப்பார். அந்த நேரத்துக்குத் தனியாகச் சம்பளம். காலையில் பத்து நிமிடம் எல்லோரும் அழைப்பில் கூடுகிறோம். அதில் வேலைக் கணக்குக் கேட்பதில்லை. நேற்று யார் ஏச்சு வாங்கினார்கள் என்று மட்டும் கேட்கிறேன். முதல் கிழமை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது பத்து நிமிடம் போதவில்லை.

ஐப்பசி முதல் மார்கழி வரை எங்களுக்கு மிகவும் நெருக்கடியான காலம். இடியும் மழையும் சேர்ந்து வந்தால் ரவுட்டர்கள் வரிசையாகப் பழுதாகும். கரையோர வீடுகளிலோ உப்புக்காற்றில் இணைப்பிகள் துருப்பிடிக்கும். அந்த மாதங்களில் எத்தனை முறைப்பாட்டை முடித்தார் என்று ஒருவரை அளந்தால், அவர் கரவெட்டியில் நாங்கள் செய்ததைத்தான் செய்வார். அதனால் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஒரே வீட்டிலிருந்து முப்பது நாளுக்குள் திரும்பவும் அழைப்பு வந்ததா என்று பார்க்கிறோம். வீட்டில் இருப்பவர் சரி என்று சொன்னால் மட்டுமே முறைப்பாடு முடியும்.

இன்னொன்றும் செய்கிறோம். தொலைபேசியில் இருப்பவர் மாதத்தில் ஒரு நாள் களப் பணியாளரோடு போக வேண்டும். எரிபொருள் வீண் என்று எங்கள் கணக்காளர் இன்னமும் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெடுந்தீவுக்கு "இன்றைக்கே ஆள் வரும்" என்று வழக்கமாகச் சொல்லிவந்த ஒருவரை அங்கேயே அனுப்பினோம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவானுக்குப் போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் படகில் போனார். அங்கே போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தால், அந்த வீட்டு ரவுட்டரின் மாதிரிக்குப் பொருந்தும் மின்மாற்றி (அடப்டர்) இல்லை. முறைப்பாட்டைக் குறித்தபோது மாதிரியை அவரே கேட்டிருக்கவில்லை. திரும்பும் படகில் இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம்.

மறுநாள் தீவகத்திலிருந்து வந்த முதல் அழைப்பில் அவர் கேட்டார்: "ஐயா, ரவுட்டர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்ப உதவிக்கு யாராவது இருக்கிறார்களா?" பக்கத்து வீட்டுப் பொடியன் படம் எடுத்து அனுப்பினான்.