ஆஸ்ட்ரகிஸ்மோஸ்: நாடுகடத்தல் அல்ல, சில்லுவிலக்கு

பழங்கால ஏதென்ஸ் மக்களாட்சி பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும், அந்நகரின் அரசியல் தலைவர் ‘தெமிஸ்டொகிளீஸ் மக்களால் நாடுகடத்தப்பட்டார்’ என்றே இருக்கிறது. போன வாரம் ஒரு போட்டித்தேர்வுக் கையேட்டிலும் அதே வரி. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரகோன்’ என்றால் உடைந்த பானையின் ஓடு. நம் பிள்ளைகள் பாண்டி ஆடும் ஓட்டாஞ்சில்லுதான். அதில் பெயர் கீறிப் போட்டு ஒருவரை ஊரைவிட்டு வெளியே அனுப்பியதால் அந்த முறைக்கு ஆஸ்ட்ரகிஸ்மோஸ் என்று பெயர். சிப்பி என்றும் பொருள் உண்டு. அதற்காகச் சிப்பியில் எழுதினார்கள் என்பது பிழை.

நாடுகடத்தல் தண்டனை. அதற்குக் குற்றம் வேண்டும், விசாரணை வேண்டும், தீர்ப்பு வேண்டும். இங்கே மூன்றும் கிடையாது. ‘இந்த ஆண்டு வைக்கலாமா?’ என்று மட்டும் மக்கள் சபையில் கேட்பார்கள். சரியென்றால் பின்னொரு நாள் அகோரா என்ற சந்தைத் திடலில் சில்லு போடுவார்கள். குறைந்தது 6000 சில்லு வேண்டும். பெயர் அதிகம் விழுந்தவர் 10 நாளில் கிளம்பிவிட வேண்டும், 10 ஆண்டு திரும்பக் கூடாது. ஆனால் வீடு, நிலம், குடியுரிமை எதுவும் போகாது. கி.மு. 482இல் அப்படிப் போன அரிஸ்டைடிஸ் என்ற தலைவரைப் பாரசீகப் படை வந்தபோது ஏதென்ஸ் மக்களே திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

தெமிஸ்டொகிளீஸ் கதையையே பாருங்கள். முதலில் சில்லு விழுந்து ஆர்கோஸ் என்ற வேறொரு கிரேக்க நகரத்துக்குப் போனார். பிறகுதான் துரோகக் குற்றச்சாட்டு வந்தது, பாரசீகத்துக்குத் தப்பி ஓடினார். முன்னதையே நாடுகடத்தல் என்று எழுதிவிட்டால் பின்னதை எந்தச் சொல்லால் சொல்வது?

ஆஸ்ட்ரகிஸ்மோஸைச் சிலர் ‘சமூக விலக்கம்’ என்று மொழிபெயர்ப்பது இன்னும் மோசம். தண்ணீர் எடுக்க விடாமல், கடையில் சாமான் கொடுக்காமல் ஒரு குடும்பத்தையே வதைக்கும் ஊர்விலக்குக்கு உரிய சொல் அது. ஆஸ்ட்ரகிஸ்மோஸிலிருந்து வந்த ‘ஆஸ்ட்ரசிசம்’ என்ற ஆங்கிலச் சொல் இன்று தரும் பொருளை அகராதியில் பார்த்து, 2500 ஆண்டு பின்னால் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். மூலத்தில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் படித்தால் இந்தத் தவறு வராது.

நான் எழுதுவது ‘சில்லுவிலக்கு’. ‘ஓட்டுவிலக்கு’ என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இன்றைய காதில் அது வாக்கைப் பறிப்பதாகவே விழும். வாக்கைக் குறிக்கும் ஓட்டு, ‘வோட்டு’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. பானையோட்டுக்கும் அதற்கும் உறவில்லை.

சில்லு என்ற சொல் இருந்தால்தான் இதுவும் விளங்கும்: ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டொகிளீஸ் பெயர் கீறிய சுமார் 190 சில்லு கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். யாரோ முன்கூட்டியே கீறிக் குவித்து வைத்திருக்கிறார்கள், வருகிறவர் கையில் கொடுக்க.